ஒரு கொறையும் இல்லீங்க

பேசுனாரு சேர், எங்க எம்பி ஐயா பாராளுமன்றத்துல பேசுனாரு, நான் இல்லைங்கல! என்னா பேசுனாரு, அதத்தானே கேக்குறேன்? "மேக்கணக்கு மக்கள நேர்ல போயி பாத்தேன், ஒரு கொறையும் இல்லன்னு அவங்க வாயாலயே சொன்னாங்க"ங்கிறாரு! கோயிலடியில இருவது பேரு ஒரே போன சுத்தி நின்னு பாத்தோம். எட்டு நிமிசம் குடுத்திருந்தாங்க. அதுல மூனு நிமிசம் சபாநாயகருக்கு நன்றி, அமைச்சருக்கு நன்றி, பக்கத்துல தூங்கிக்கிட்டிருந்தவருக்கும் நன்றி. மிச்ச நேரத்துலதான் எங்க தலையில மண்ண அள்ளிப் போட்டாரு.

நீங்க எத்தினியாம் நம்பரு? பதினாலா. நான் பன்னெண்டு. ஐயாவ பாக்க உள்ள இன்னும் ஒம்போதுதான் ஓடுது. வாத்தியாரா? யாழ்ப்பாணமா! எடமாத்தத்துக்கா? அதான் ஃபைல இப்புடி அணைச்சுப் புடிச்சிருக்கீங்க. நான் முத்துலிங்கம், மலையகம், நோட்டன் பக்கம். தேயிலத் தோட்டத்துல டிவிசனத்தான் கணக்குன்னு சொல்லுவோம். மேக்கணக்குக்கு நான்தான் தலைவரு, பன்னெண்டு வருசமா.

எங்க விட்டேன்... ஆங், மண்ணு. எங்க லயத்துக்கு, அதான் அந்த வரிச வீடுங்களுக்கு மேல மலை வெடிச்சுக் கெடக்கு சேர். மொதல்ல கை போற அளவுதான் இருந்துச்சு. சாக்குல மண்ண கட்டி அடைச்சோம். போன மாசத்து மழைக்கு சாக்கையும் காணோம்! முப்பது குடும்பமும் பள்ளிக்கூட மண்டபத்துல படுத்திருக்கு. திங்கக்கெழம லீவு முடியுது, காலி பண்ணுங்கன்னுட்டாங்க. எங்க போறது? மறுபடி அந்த வெடிப்புக்குக் கீழதான். வேற எடத்துல வீடு கட்டிக் குடுக்குற பட்டியல் ஒன்னு வந்துச்சு. கீழ்க்கணக்கு இருக்கு, ரோட்டோரத்து லயம் இருக்கு, எங்க பேரு இல்ல. கேட்டா, "நீங்கதானே கொறை இல்லன்னீங்க"ங்கிறாங்க.

யாரு சொன்னதா? அதுக்குத்தான் வரேன், இருங்க. வெத்தல போடுவீங்களா? வேணாமா, சரி.

தை மாசம் எம்பி ஐயா வந்தாரு சேர். "மக்கள் குறை கேட்கும் பயணம்"னு பெரிய பேனரு. நாங்களும் சும்மா இருப்போமா? தப்பு அடிச்சு, வாழ கட்டி, கங்காணி காலத்து கொடைய எல்லாம் தேடி எடுத்துப் புடிச்சு... ஜோரா செஞ்சோம். அப்பறம் பொன்னாடை. சங்கத்துக்கு ஒன்னு, கோயில் கமிட்டிக்கு ஒன்னு, மாதர் சங்கத்துக்கு ஒன்னு, கிரிக்கெட் கிளப்புக்கு ஒன்னு. மரண உதவிச் சங்கத்துக்காரன் மட்டும் விட்டுக் குடுப்பானா? அவனும் போத்துனான்! மொத்தம் பதினேழு. ஒவ்வொன்னுக்கும் போட்டோ, ஒவ்வொருத்தனுக்கும் ரெண்டு வார்த்த. ரெண்டு வார்த்தைங்கிறது எங்க ஆளுங்களுக்கு இருவது நிமிசம். மனுசன் மூச்சு விட முடியாம ஜவுளிக்கட மாதிரி நிக்கிறாரு.

மேல ஏறி வெடிப்பப் பாக்கணும்ங்கிறதுதான் ஏற்பாடு. போத்தி முடிக்க மூனு மணி, மூடுபனி எறங்கிருச்சு. "எங்க வெடிப்பு?"ன்னாரு. கைய நீட்டி காட்டுனேன். எல்லாம் வெள்ளையா இருந்துச்சு. "ஆமா ஆமா"ன்னு தலைய ஆட்டிட்டு, உக்கார நாப்பது பிளாஸ்டிக் கதிர குடுத்துட்டு காரப் பாத்து நடந்தாரு. அந்தக் கதிரய அடுக்கித்தான் இப்ப மண்டபத்துல பொம்பளைங்க உடுப்பு மாத்த மறைப்பு கட்டியிருக்கு. அதுக்காச்சும் ஆச்சு.

யாரு சொன்னதுன்னு விட மாட்டீங்க போல. வாத்தியாரில்ல!

எங்க பக்கம் ஒரு வழக்கம் இருக்கு சேர். நன்றியுரை தலைவருதான் சொல்லணும். வேற ஆளு சொன்னா அந்த வருசம் பூரா சண்ட. மைக்கு கைக்கு வந்துச்சுன்னா... வாயி தானா ஓடுது. எங்கப்பாவும் தலைவரு, அவரும் அப்புடித்தான் பேசுவாரு. "ஐயாவோட காலு எங்க மண்ணுல பட்டதே போதும், அவுங்க மொகத்தப் பாத்ததே போதும், எங்களுக்கு ஒரு கொறையும் இல்லீங்க!" அது சும்மா மரியாதைக்கி சொல்றது சேர்! வீட்டுக்கு வந்தவரு சாப்பிட்டீங்களான்னா பட்டினின்னா சொல்லுவோம்? ஐயாவோட காரியதரிசி கஜேந்திரன் தம்பி அத அப்புடியே போன்ல எழுதிக்கிட்டிருந்திருக்கு. எனக்கு என்னா தெரியும்?

மனுவா? இருந்துச்சே. முப்பது வீட்டுக் கையெழுத்தோட எங்க அக்கா ராக்காயி கையில இருந்துச்சு. கடைசி லயம் அவளோடது, வெடிப்பு அவ கூரைக்கு நேரா மேல. நான் மைக்குல பேசுறப்பவே எந்திரிச்சா. "முத்து, இத மொதல்ல குடு"ன்னா. நான்... மைக்குலயே சொன்னேன் சேர், "உக்காருக்கா, ஐயாவுக்கு நேரமாச்சு, மானத்த வாங்காத"ன்னு. எல்லாரும் சிரிச்சாங்க. யாரு சொன்னாலும் கேக்குற ஆளே இல்ல அவ. அன்னைக்கின்னு பாத்து கேட்டுட்டா, உக்காந்துட்டா.

இப்ப அந்த மண்டபத்துல தரையில படுத்திருக்கா. எங்கிட்ட பேச்சில்ல. காலையில அந்த மனுவ என் கையில வச்சிட்டு திரும்பிப் பாக்காம போயிட்டா. திங்கக்கெழம மழைன்னு வேற சொல்றாங்க சேர்.

பன்னெண்டா? கூப்புட்டாங்களா? ஐயையோ! சேர், இந்தப் பைய கொஞ்சம் புடிங்க. என்னா இருக்கா... பொன்னாடைதான். வெறுங்கையோட போறது எப்புடின்னு பழக்கத்துல வாங்கிட்டேன். வேணாம், நீங்களே வச்சிக்கங்க. இது கையில இருந்தா அந்த வாயி வந்துரும். மனு மட்டும் போதும். கொறை இருக்குங்க, கொறை இருக்குங்க... சரியா வருதா சேர்?

வாங்க கஜேந்திரன் தம்பி, வணக்கம் வணக்கம்! எனக்கா? நல்லா இருக்கேன் தம்பி, ஐயா புண்ணியத்துல ஒரு கொறையும்...

...

இருக்கு தம்பி. கொறை இருக்கு. அந்தப் போன எடுங்க, எழுதிக்கங்க. அன்னைக்கி நன்றியுரை சொன்னவன் பொய் சொல்லிட்டான். மொதல்ல அத எழுதுங்க, அப்பறம் உள்ள போவோம்.