ரிபாய் கேட்ட தண்ணீர்

அதிகாலை இரண்டரை மணி. அமீரகத்தில், உம் அல் குவைனிலிருந்து அஜ்மானுக்கு வரும் கடற்கரைச் சாலை. ஒரு பக்கம் மணல், மறுபக்கம் கடல்... நடுவே என் மச்சான் சேதுமாதவனின் வண்டி மட்டும்.

ஏசி நின்றுவிட்டது என்று புலம்பாமல் நெருங்கி உட்காருங்கள். கரண்ட் வரும்வரை சொல்கிறேன். அவர் என் தங்கையின் கணவர். கதை கட்டத் தெரியாத மனிதர்.

கடைகளுக்குத் தண்ணீர் பாட்டில் கொண்டுபோகும் வேலை அவருக்கு. போன ஆகஸ்ட். கடும் புழுக்கம். ஒரு வளைவில், வண்டி வெளிச்சத்தில் ஒருவன் நின்றான். கை காட்டவில்லை. சும்மா நின்றான். சட்டையிலிருந்து நீர்... சொட்... சொட்... டீசலும் அழுகிய மீனும் கலந்த வாடை, மூடிய கண்ணாடியைத் தாண்டி வந்தது.

மச்சான் வண்டியை நிறுத்திக் கண்ணாடியை இறக்கினார்.

“அண்ணே, தமிழா?”

“ஆமா. யாருப்பா நீ? கடல்ல விழுந்துட்டியா?”

“பேரு முகம்மது ரிபாய். கீழக்கரை. அந்தா, வெளிச்சமில்லாம நிக்கிதுல்ல, அந்தக் கப்பல்லேருந்து வாரேன். முதலாளி எங்க பாஸ்போர்ட்ட வாங்கி வச்சிக்கிட்டு ஓடிட்டாரு. மாசக்கணக்கா கடல்லயே கெடக்கோம். இறங்கவும் விட மாட்டேங்கிறாங்க. இன்னும் நாலு பேரு இருக்காங்கண்ணே. தண்ணி தீந்து போச்சு.”

மச்சான் ஒரு பாட்டிலை எடுத்து நீட்டினார். அவன் வாங்கவில்லை.

“எனக்கு வேணாண்ணே. அவங்களுக்குக் குடுங்க.”

மச்சான் இறங்கிப் பின்கதவைத் திறந்தார். ஒரு பெட்டியை எடுத்துச் சாலையோரம் வைத்தார். கதவைச் சாத்திவிட்டுத் திரும்பினால்... அவனும் இல்லை, பெட்டியும் இல்லை. கடல்வரைக்கும் மணல் அப்படியே கிடந்தது. ஒரு காலடிகூட இல்லை.

விடியும்வரை வண்டிக்குள்ளேயே உட்கார்ந்திருந்தார். போலீசுக்குச் சொன்னால் நூறு கேள்வி வரும். விசா கொடுத்த கஃபீலுக்குத் தெரிந்தால் வேலை போகும். ஆனாலும் அந்த நாலு பேர்... போன் செய்துவிட்டார்.

போலீஸ் படகு போனது. நாலு பேரையும் உயிரோடு கொண்டுவந்தார்கள். மச்சான் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்தார். அவர்களில் மூத்தவர் பிலவேந்திரன், தூத்துக்குடிக்காரர். எலும்பும் தோலுமாகக் கிடந்தார்.

“ரிபாய் எங்கங்க? அவன்தான் எங்கிட்ட வந்து சொன்னான்.”

பிலவேந்திரன் மச்சானின் கையைப் பிடித்துக்கொண்டார்.

“அவன் குதிச்சி ரெண்டு வாரம் ஆகுதுய்யா. கரைக்கு நீந்திப் போயி ஆளக் கூட்டியாறேன்னு போனான். மறுநாளு... கப்பல் ஓரத்துலயே மிதந்தான். அந்த வெயில்ல ஒடம்ப வச்சிருக்க எடம் ஏது? ஓதுறதுக்கு அவங்க ஆளு யாருமில்ல. எனக்குத் தெரிஞ்ச செபத்தச் சொல்லி, நாந்தான் கடல்ல விட்டேன்.”

மச்சான் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார்.

“நேத்து ராத்திரி மேல்தட்டுல ஒரு பெட்டித் தண்ணி இருந்திச்சி. எப்படி வந்துச்சின்னு கேக்கவே தோணல. குடிச்சோம்... அழுதோம். ஒரு பாட்டில மட்டும் எடுத்து, ரிபாய் படுக்கிற எடத்துல வச்சோம். தொண்டை காஞ்சுதானய்யா போனான், அந்தப் பய.”

“அப்புறம்?”

“விடிஞ்சதும் போய்ப் பாத்தேன். பாட்டில் காலி... மூடியில சீல் உடையலய்யா.”