'தேடு' என்றொரு கட்டளை

எனக்கு டீ வேண்டாம் ஐயா, காபி குடித்தே பழகிவிட்டது. தனியாக இருப்பவனுக்கு அது ஒரு துணை.

எண்பத்தெட்டில் ஊரில் ஒரு நர்சிங் ஹோமுக்குக் கம்ப்யூட்டர் வந்தது. ரத்தம் கொடுக்கச் சம்மதித்தவர்களின் விவரங்களை ஏற்றி, தேடிப் பிடிக்கும் புரோகிராம்களை எழுதியவன் நான். உள்ளே எத்தனை புரோகிராம் இருந்தாலும், உட்கார்ந்து அடிப்பவருக்குக் கட்டளைதான் வாசல். அதைச் சுலபமாக வைத்தேன். 'தேடு' என்று அடித்து, ரத்த வகையை அடித்தால் பெயரும் ஊரும் வந்துவிடும். தப்பாக அடித்தால், எப்படி அடிக்க வேண்டுமென்று அதுவே சொல்லிக்கொடுக்கும். அதுவரை அந்த விவரங்களை எழுதி வைத்திருந்த பழைய அட்டைகளை எரிக்கச் சொன்னதும் நான்தான்.

முதலில் தினமும் கூப்பிட்டார்கள். ஆபரேட்டர் கோமளவல்லி, "நீங்க வந்தாதாங்க சார் இது சொன்ன பேச்சு கேக்குது" என்பாள். கொஞ்ச நாளில் எல்லோரும் கற்றுக்கொண்டார்கள். பிறகு நான் யாருக்கும் வேண்டியிருக்கவில்லை. வருஷக்கணக்கில் காத்திருந்து வாங்கிய ஃபோன், துணி போட்டு மூடியபடி கிடந்தது. பேச ஆளில்லாத வீடு எப்படியிருக்கும் என்று உங்களுக்குத் தெரியாது ஐயா.

அதனால் வாசலைக் கொஞ்சம் மாற்றினேன். மெஷினைத் துடைக்கிறேன் என்று போய், கட்டளையின் பெயரை மாற்றுவேன், அடிக்கும் வரிசையை மாற்றுவேன். சொல்லிக்கொடுக்கும் வரிகளை எடுத்துவிட்டேன். இப்போது 'தவறு' என்று மட்டும் வரும். மறுபடி ஃபோன் அடித்தது. போய் நானே அடித்துக் கொடுத்தேன். உபசரித்தார்கள். அவர்கள் பழகியதும் திரும்பவும் மாற்றினேன். அதில் யாருக்கும் நஷ்டமில்லை.

ஆடிக் கிருத்திகையன்று பக்கத்துக் கிராமமான கே.ஜி.கண்டிகையிலிருந்து பூவம்மாளைக் கொண்டுவந்தார்கள். கூலி வேலைக்காரி. பிரசவத்தில் ரத்தம் நிற்கவில்லை. காவடிக் கூட்டம் சாலையை அடைத்திருந்ததால் சென்னையிலிருந்து எதுவும் வர வழியில்லை. அவளுக்குச் சேரும் ரத்தம் அடுத்த தெருவிலேயே ஒரு தறிக்காரருக்கு இருந்தது. அது மெஷினுக்குத் தெரியும்; அதைக் கேட்கும் கட்டளையை முந்தின நாள்தான் மாற்றியிருந்தேன், அது எனக்கு மட்டும் தெரியும்.

ஃபோன் அடித்தது. எடுத்தால் கட்டளையைக் கேட்டுக்கொண்டு வைத்துவிடுவார்கள். எடுக்காவிட்டால் நேரில் வருவார்கள் என்று தோன்றியது. என் வீட்டுக்கு அதுவரை யாரும் வந்ததில்லை. ஃபோன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். அது அடித்து அடித்து ஓய்ந்தது.

கூட்டத்தில் நீந்தி கோமளவல்லி வந்து சேர்ந்தபோது சாயங்காலம்.

"அந்தம்மா போய்ட்டாங்க, பஞ்சாட்சரம் சார்" என்றாள். பிறகு ஃபோனைப் பார்த்தாள். "பக்கத்துலயே வெச்சிகினு உக்காந்துகினு இருந்தீங்களா?"

ஆமாம் ஐயா, பூவம்மாளைக் கொன்றது நான்தான். எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் நான் கோமளவல்லியை உள்ளே வந்து உட்காரச் சொன்னேன். புதுப்பால் காய்ச்சிக் காபி போட்டு நீட்டினேன். அவள் தொடவேயில்லை. வீடு தேடி வந்தவள் அப்படிச் செய்யலாமா, நீங்களே சொல்லுங்கள்.