இடப்பக்கம்

"எனக்கு இடப்பக்கம் சரியா அடிக்க வராதெண்டு மலாயாவுக்குக் கப்பலேறின அண்டைக்குத்தான் எனக்கே தெரிஞ்சது."

வெள்ளவத்தையில் ரயில் ஏறிய பட்மின்டன் ஆட்டக்காரர், பக்கத்திலிருந்த நண்பரிடம் சொன்னார்.

"ஆர் சொன்னது?"

"ஆறு வருசமா என்னோட சோடியா விளையாடினவர். இந்தமுறை அவரை அணிக்குத் தெரிவு செய்யேல்லை. எண்டாலும் துறைமுகத்துக்கு வந்து என்ர புதுச் சோடியிட்ட, 'இவருக்கு இடப்பக்கம் வராது, நீர்தான் ஓடிப்போய் எடுக்கவேணும்' எண்டவர்."

"உங்களுக்கு ஏன் முதலே சொல்லேல்லை?"

"நானும் கேட்டனான். சொன்னால் நீர் பயந்து விளையாடுவீர் எண்டார். அவ்வளவு காலமும் தானே ஓடி எடுத்திருக்கிறார்."

"மலாயாவில என்ன நடந்தது?"

"வெண்டனாங்கள். இப்ப அவற்ற வீட்டுக்குத்தான் அங்க வெண்ட கப்பைக் கொண்டுபோனனான்."

"வாங்கினவரோ?"

"வேண்டாமெண்டார். கதிரையில வைச்சிட்டு ஓடி வந்திட்டன்."