பேய்க்குக் குரல் கொடுத்தவர்

ராத்திரி ஏழு மணி இருக்கும். பிள்ளைகள் பேய் வேஷம் போடுகிற ஹாலோவீன், அக்டோபர் கடைசி நாள். பர்பேங்கிலிருந்து வடக்கே பாம்டேலுக்குப் போகிற பழைய மலைச்சாலை... பெரிய சாலை வந்த பிறகு அதில் யாரும் போவதில்லை. இரண்டு பக்கமும் கரடு. விளக்குக் கம்பம் கிடையாது. காற்று மட்டும் மண்ணை வாரி அடித்துக்கொண்டிருந்தது. அந்தச் சாலையில் ஒரே ஒரு வண்டி. ஓட்டியவர் பெயர் கிளேட்டன்.

நம்மோடு படம் வரைகிறானே மார்க்கோ, அவனுடைய அக்கா கணவர்தான் இந்தக் கிளேட்டன். மார்க்கோ இன்றைக்கு வரவில்லை, அதனால்தான் சொல்கிறேன். அவன் எதிரில் யாரும் மூச்சு விடாதீர்கள். அந்த வீட்டில் இதைப் பற்றிப் பேசுவதே இல்லை.

கிளேட்டன் எழுதி நடத்திய கார்ட்டூன் தொடரை நீங்கள் எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்துப் பார்த்திருப்பீர்கள். பெயரைச் சொல்ல மாட்டேன், வக்கீலை அனுப்புவார்கள். ஹாலோவீனுக்கு வருஷா வருஷம் அதில் ஒரு பேய்ப் பகுதி வரும். அந்த வருஷத்துப் பேய் ஒரு கிழவர். செத்த பிறகும் வீட்டைக் காலி செய்யாமல், புதிதாகக் குடிவந்தவர்களைக் குறை சொல்லிக்கொண்டே இருப்பார்.

நம் தொழிலில் ஒரு வழக்கம் இருக்கிறதே... நடிகர்கள் வருவதற்கு முன்னால் ஆபீஸில் அகப்பட்டவர்களைப் பேச வைத்து, பென்சில் படத்தோடு ஓட்டிப் பார்ப்போம். பிறகு அதைத் தூக்கிப் போட்டுவிட்டு நடிகர் குரலை வைப்போம். அப்படிப் பேய்க்குப் பேசியவர் டெல்மார். எடிட்டிங் அறையிலேயே தலை நரைத்தவர். அதிகம் பேச மாட்டார். தொண்டையில் ஆபரேஷன் ஆனவர். வாயைத் திறந்தால் முதலில் உள்ளே ஈரமாக ஒரு 'க்ளக்'... அதற்குப் பிறகுதான் கரகரவென்று குரல் வரும். வாயில் எந்நேரமும் யூகலிப்டஸ் மிட்டாய். அவர் நுழைந்தால் அறையே மணக்கும்.

பென்சில் படம் ஓடிய அன்றைக்கு எல்லாரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். கிளேட்டன் எல்லார் முன்னாலும் டெல்மாரின் தோளைத் தட்டினார்.

"இந்தப் பேய் நீங்கதான் டெல்மார். எந்த நடிகனும் வேண்டாம். நான் சொல்றேன்."

"பாஸ்... நான் வீட்டுல சொல்லிடுவேனே."

"ஊருக்கே சொல்லுங்க."

மனிதர் ஊருக்கே சொன்னார். மனைவி, மகள், பேரப்பிள்ளைகள், முடிவெட்டுகிறவர், சர்ச்சில் பக்கத்தில் உட்காருகிறவர் என்று ஒருவரையும் விடவில்லை. கோடையில் ஓய்வு பெற்று பாம்டேல் வீட்டோடு இருந்துவிட்டார்.

அவர் போன பிறகுதான் சேனல்காரர்கள் பெரிய நடிகர் வேண்டும் என்றார்கள். கிளேட்டன் ஒரு பேச்சுக்கு முனகிவிட்டுச் சரி என்றார். வந்த நடிகருக்கு டெல்மார் பேசியதையே போட்டுக் காட்டி, இதே மாதிரி பேசுங்கள் என்றார்கள். அவரும் அச்சு அசலாகப் பேசினார். அந்த 'க்ளக்'கைக்கூட விடவில்லை. கேட்க அருவருப்பாக இருக்கிறது என்று அதைக் கிளேட்டனே உட்கார்ந்து வெட்டி எடுத்தார்.

மிச்சம் ஒரே ஒரு வேலை. டெல்மாருக்கு ஃபோன் போட்டுச் சொல்ல வேண்டும். நாளைக்குச் சொல்லலாம் என்றார். அடுத்த வாரம் என்றார். செப்டம்பர் கடைசியில் டெல்மாரின் எண்ணிலிருந்தே அழைப்பு வந்தது. கிளேட்டன் ஃபோனைக் கவிழ்த்து வைத்தார். மறுநாளும் வந்தது. மறுபடி கவிழ்த்தார். பிறகு அழைப்பு நின்றுவிட்டது, அது அவருக்கு வசதியாகவும் போய்விட்டது.

ஹாலோவீன் அன்றைக்கு மனசு உறுத்தியது. நிகழ்ச்சி எட்டு மணிக்கு. டெல்மார் வீட்டில் கும்பல் கூடியிருக்கும். அத்தனை பேர் நடுவில், தன் குரல் இல்லை என்று அந்த மனிதர் தெரிந்துகொண்டால்? அதற்குள் போய் நேரில் சொல்லிவிட வேண்டும். அதற்காகத்தான் அந்தச் சாலையில் அந்த வண்டி.

பாம்டேல் கிட்டத்தில் ஒரு பெட்ரோல் பங்க். உள்ளே தள்ளி நிறுத்தினார். காபி வாங்கினார். பாதி குடித்தார்... மிச்சம் ஆறிப்போன பிறகும் கப்பைக் கையில் வைத்துக்கொண்டு வண்டிக்குள்ளேயே உட்கார்ந்திருந்தார். அங்கிருந்து வீடு கூப்பிடு தூரம்தான். கடிகாரத்தில் எட்டு ஆனது. இனிமேல் போய்ச் சொல்லி என்ன என்று தோன்றியதும் அவருக்கு வந்தது நிம்மதி. ஆமாம், நிம்மதி. அதை நினைத்தால் இன்றைக்கும் அவருக்குக் கூசுகிறது.

ஒருவழியாகக் கிளம்பி அவர் அங்கே போய்ச் சேர்ந்தபோது ஒன்பதை நெருங்கிவிட்டது. வாசலில் ஏழெட்டு கார். படியில் முகம் வெட்டிய பூசணிக்காய்கள். உள்ளே மெழுகுவர்த்தி எரிந்து எரிந்து பூசணி கருகிய வாடை. டெல்மாரின் மனைவி லொரெய்ன் கதவைத் திறந்தாள்.

"வாப்பா கிளே. உள்ள வா, காத்து அடிக்குது."

"டெல்மார் இருக்காரா? அவரைக் கொஞ்சம் தனியா பார்க்கணும்."

லொரெய்ன் அவரையே பார்த்தாள். "உனக்குத் தெரியாதா கண்ணு? செப்டம்பர்லயே போயிட்டாரு. அடக்கத்துக்குச் சொல்லலாம்னு அவரு ஃபோன்லேருந்துதான் உனக்கு அடிச்சேன். ரெண்டு நாளா அடிச்சேன். நீ வேலையா இருந்திருப்ப."

பூமி பிளந்து உள்ளே போய்விட மாட்டோமா என்று இருந்தது கிளேட்டனுக்கு. லொரெய்ன் அவர் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போனாள்.

அக்கம்பக்கத்தார், உறவுக்காரர்கள், வெள்ளைப் போர்வையில் கண்ணுக்கு ஓட்டை போட்டுக்கொண்ட பிள்ளைகள். மகள் டீனா அவரை டிவிக்கு நேராக உட்கார வைத்து, ஒரு கிண்ணம் பீன்ஸ் குழம்பும் சோள ரொட்டியும் கொடுத்தாள். அவள் கண் சிவந்திருந்தது. முகம் சிரித்தது.

"அப்பா குரல் கேட்டு ஒரு மாசத்துக்கு மேல ஆச்சு, கிளே. இன்னிக்குத்தான் கேட்டோம். நீங்க சொன்ன சொல்லைக் காப்பாத்திட்டீங்க."

இவர்கள் கேட்டது அந்த நடிகரின் குரல். இப்போது சொல்லிவிடலாம். சொன்னால் இவர்களுக்கு மிஞ்சியதும் போய்விடுமே... இப்படித் தனக்குத்தானே நியாயம் சொல்லிக்கொண்டார் கிளேட்டன். கருணை என்றுகூட அதற்குப் பெயர் வைத்துக்கொண்டார்.

"ரெக்கார்டு பண்ணியிருக்கோம். உங்களுக்கும் போடறேன்," என்றாள் டீனா. "நாங்க திரும்பத் திரும்பப் போட்டுட்டோம். ஒவ்வொரு தடவையும் அப்பா வேற வேற சொல்றாரு."

யாரும் சிரிக்கவில்லை. துக்கத்தில் பேசுகிறாள் என்று நினைத்தார் கிளேட்டன்.

படம் ஓடியது. மாடிப்படியில் பேய் இறங்கி வந்தது. வாயைத் திறந்தது.

க்ளக்.

கிளேட்டனின் கை அப்படியே நின்றது. தானே வெட்டி எடுத்த சத்தம். எங்கிருந்தோ யூகலிப்டஸ் வாசனை... பக்கத்து நாற்காலியில் யாரோ மிட்டாயை உரித்த மாதிரி. அந்த நாற்காலியில் ஆள் இல்லை.

பிறகு ஒன்றும் வரவில்லை. பேய் வாயை மூடிக்கொண்டு நின்றது. படம் உறைந்து போகவில்லை. பேய்க்குப் பின்னால் திரைச்சீலை ஆடிக்கொண்டிருந்தது. சுவர்க் கடிகாரத்தின் ஊசல் போய் வந்துகொண்டிருந்தது. பேய் மட்டும் படத்தில் இருந்தவர்களை விட்டுவிட்டு நேராக வெளியே பார்த்தது. காத்திருந்தது.

பிள்ளைகள் மெல்லுவதை நிறுத்தினார்கள். ஒவ்வொருவராகத் திரும்பினார்கள். டிவியை யாரும் பார்க்கவில்லை. எல்லாரும் பார்த்தது கிளேட்டனை.

ஒரே ஒரு வார்த்தைதான். 'அவர் குரலை நான்தான் எடுத்துவிட்டேன்.' நாக்கின் நுனி வரைக்கும் வந்தது. கிளேட்டன் ரொட்டியைப் பிய்த்தார். குழம்பில் தோய்த்தார். வாயில் போட்டுக்கொண்டார்.

பேய் பேசியது. தெளிவான, பழகிய குரல். அந்த நடிகரின் குரல்.

"இது தாத்தா இல்ல," என்றது போர்வைக்குள் இருந்த ஒரு குழந்தை.

டீனா திருப்பிப் போட்டாள். நடிகர்தான் பேசினார். இன்னொரு தடவை போட்டாள். நடிகரேதான். வாசனையும் போய்விட்டது. டீனா டிவியை அணைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் அதன் எதிரிலேயே நின்றாள்.

ஏன் என்று யாருமே கேட்கவில்லை. ஒரு வார்த்தை கேட்டிருந்தால்கூட அவர் அழுதுகொண்டே சொல்லியிருப்பார், அப்படித்தான் மார்க்கோவின் அக்காவிடம் பிறகு சொன்னாராம். எழுந்து போகவும் முடியவில்லை. கிண்ணத்தில் இருந்ததை முழுக்கச் சாப்பிட்டார். அந்த வீட்டில் அவருடைய கரண்டிச் சத்தம் மட்டும்தான் கேட்டது.

கிளம்பும்போது லொரெய்ன் வாசல்வரை வந்தாள். அவர் கோட்டுக் காலரைச் சரி செய்துவிட்டாள்.

"மனசுல எதுவும் வெச்சுக்காத கண்ணு. எங்களுக்குத் தெரியும். அவரே சொல்லிட்டாரு."

"யாரு?"

"'கிளே லேட்டா வருவான். சாப்பாடு போடு. அவன் ஒண்ணும் சொல்ல மாட்டான், நீங்களும் கேட்டு அவனைச் சங்கடப்படுத்தாதீங்க'ன்னாரு."

"அவரு... படுக்கையில இருக்கும்போது சொன்னாரா?"

"இல்லப்பா, இன்னிக்குத்தான். எட்டு மணிக்கு, முதல் தடவை ஓடுறப்போ." லொரெய்ன் இருட்டிக் கிடந்த சாலையை ஒரு தடவை பார்த்துக்கொண்டாள். "'பாவம், இப்போ அந்த பெட்ரோல் பங்க்ல ஆறின காபியைக் கையில வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கான்'னாரு. பார்த்துப் போப்பா."