தம்பிலிக் கலர் வகிடு

வேணாம் பிள்ள, உள்ள வரமாட்டேன். கதவ மட்டும் கொஞ்சம் தொறந்து புடி, நான் இந்தப் படியில நின்டே கதைக்கிறேன். என்ன, ஏசிக் குளிர் வெளிய போகுதா? போகட்டும். கரண்ட் பில்லு ஒஸ்வால்ட்டுக்குத்தானே வருது, எனக்கில்லியே. இன்னுங் கொஞ்சம் தொற.

ஆள் எங்க? பின்னால சோறு தின்றானா? நல்லது, மெதுவாத் தின்னட்டும். அவன் முன்னுக்கு நின்டிருந்தா நான் இந்தப் பக்கமே திரும்பியிருக்க மாட்டேன்.

நீ புதுசுதானே இங்க? டெனிஷாவா? நல்ல பேரு. புதுசுங்கிறதாலதான் கேக்கிற, ஏன் அங்கிள் வெயில்ல நிக்கிறீங்கன்னு. கொட்டாஞ்சேனையில பழைய ஆக்கள் யாரும் கேக்க மாட்டாங்க. இந்த அழகுமுத்துவுக்கும் சலூன்கார ஒஸ்வால்ட்டுக்கும் என்ன கதைன்னு எல்லாருக்கும் தெரியும். பல வருசத்துக்கு முந்தி, என்ட மக கல்யாணத்துக்கு மொத நாள். முடி வெட்ட வந்து, அந்தா, அந்தக் கதிரையிலதான் குந்துறேன். சலூன் நெறைய ஆளு. இவன் கத்திரிக்கோல எடுத்தான், என்ட தலையச் சுத்தி ஒரு ரவுண்டு நடந்தான், கத்திரிக்கோலத் திருப்பி வச்சிட்டான். "அண்ணே, இதுல வெட்ட என்ன இருக்கு, தொடச்சுத்தான் விடலாம்"னான். சொன்னாலும் பரவாயில்ல பிள்ள, தொடச்சான்! கண்ணாடி தொடைக்கிற துணிய எடுத்து, ஹா... ஹா...னு ஊதி ஊதித் தொடச்சான்! அத்தன பேரும் வயித்தப் புடிச்சிட்டு சிரிக்கிறாங்க.

எழும்பினேன். நேர கொச்சிக்கடைக் கோயிலுக்கு. நான் முருகன் கும்பிடுற ஆளுதான், ஆனா சத்தியம்னு வந்தா அந்தோனியார்தான். அவருக்கு முன்னுக்கு நின்டு சொன்னேன், இனி என்ட கால் ஒஸ்வால்ட் சலூன் வாசலத் தாண்டாது, என்ட வீட்டு ஆக்களும் தாண்ட மாட்டாங்கன்னு. மெழுகுதிரியும் ஏத்தினேன். பெரிய மெழுகுதிரி... நீயும் சிரிக்கிற பாத்தியா. சிரி, சிரி.

சரி, விசயத்துக்கு வாறேன். எனக்கு ஒரு ஆலோசன மட்டும்தான் வேணும். தலைக்குப் பூசின செவப்புக் கூடிப் போனா, அதக் கொறைக்க என்ன பூசணும்? அவ்வளவுதான். நீ அங்க நின்டு சொல்லு, நான் இங்க நின்டு கேக்கிறேன், காத்து தாண்டுறதுக்கு அந்தோனியார் ஒண்டும் சொல்ல மாட்டார். எனக்கா? எனக்கெங்க பிள்ள முடி! என்ட பொஞ்சாதிக்கு. டோரின்னு பேரு. நீ கண்டிருக்க மாட்ட. என்ன, என்னமோ சொல்ல வார? இரு, இரு, நான் சொல்லி முடிச்சிர்றேன்.

அறுவது வயசு வரைக்கும் அந்த மனுசி தலையில தேங்கா எண்ணெயத் தவிர ஒண்டும் வச்சதில்ல. தையல் ஃபெக்டரி வேலைய விட்டுட்டு வீட்டில குந்தின அடுத்த கெழம, சோறு போட்டுக்கிட்டே சொல்றா, "சாகிறதுக்குள்ள ஒருக்கா தலை செவப்பா இருந்து பாக்கணுங்க"னு. செவப்பா! நான் வேணாம்னு சொன்னேனா? சொல்லல்ல. ஆசப்படுற மனுசிகிட்ட எப்பிடிச் சொல்ற. ஆனா அவவுக்குச் சலூன்லதான் பூசணுமாம். எந்த சலூன்? நடந்து போற தூரத்தில இது ஒண்டுதான் இருக்கு. நான்தான் மெழுகுதிரி ஏத்திட்டேனே! அப்ப யாரு பூசுறது? நான்தான். பாரு இந்தக் கைய. பெட்டா மார்க்கட்டுல மூட்ட தூக்கித் தூக்கி வெரல் எல்லாம் இஞ்சி மாதிரி. இந்தக் கையால பிரஷ் புடிச்சு, கோடு கோடா வகிடு பிரிச்சு, காதச் சுத்தி வெசலின் தடவி... முழுத் தலைக்கும் பூச மாட்டேன் பிள்ள, வெள்ள முளைச்ச வேருக்கு மட்டும்தான். சும்மா நெனைக்காத.

உனக்கு நான் சொல்லத் தேவையில்ல, எல்லாக் கலர்லயும் துரோகி இந்தச் செவப்புதான். கறுப்பு பூசினா பூசின எடத்தில கெடக்கும். இது எந்த நேரமும் ஓடத்தான் பாக்கும். தண்ணி பட்டா ஓடும். வெயில் பட்டா ஓடும். காலிமுகத்துக்கு ஒருக்கா காத்து வாங்கப் போனோம், வரக்குள்ள பாதி அங்கயே கடலோட போயிருச்சு. அதுக்குப் பொறகு தொப்பி, குட, ஸ்காஃப், எல்லாத்தையும் தூக்கிக்கிட்டுப் பின்னால போறது நான்தான். நொர நெறைய வாற ஷம்பு ஆகாது. தெனமும் கழுவப்படாது. சுடுதண்ணி கிட்டயே கொண்டு போகப்படாது.

சுடுதண்ணி! அதுதான் பெரிய கூத்து. எங்க பிளாட்டுல டேங்க் மொட்ட மாடியில, கறுப்புக் கலர். பகல் பதினொரு மணிக்குப் பைப்பத் தொறந்தா பிளேன்டீ ஊத்தலாம். அப்ப விடிய முந்தியே வாளியில தண்ணி புடிச்சு வைக்கணும். அதுக்கு மோட்டர் போடணும். மோட்டர் சாவி யார்கிட்ட? மேல் வீட்டுக் கிருபாகரன்கிட்ட. அவனோட நான் கதைக்கிறதில்ல. ஏன்னா, அவன் ஈரச் சாரத்தப் பிழியாம பல்கனியில போடுவான், சொட்டுச் சொட்டுன்னு என்ட பேப்பர்ல விழும். கேட்டா, "மழைன்னு நெனச்சுக்கோங்க அண்ணே"ங்கிறான். மழையாம்! அன்னைக்கே அவனோட பேச்ச விட்டேன். அதனால நான் என்ன செய்யிறேன், ஐஸ்கிரீம் டப்பாவுல ஐஸ் வச்சு, அத வாளியில போட்டு, சின்னச் சட்டியால அள்ளி டோரின் தலையில ஊத்துறேன். அவ கத்துறா, "ஐயோ மாதாவே"னு. கீழ் வீட்டு ஆக்கள் நான் அடிக்கிறேன்னு நெனைக்கிறாங்க! அவங்களோடயும் இப்ப பேச்சில்ல.

ஏன் பிள்ள ரோட்டப் பாக்கிற? யாரும் வரணுமா? வந்தா நான் ஒதுங்கி நிக்கிறேன், பயப்படாத.

எங்க விட்டேன்... ஆ, ஜீவராணி. டோரின்ட தங்கச்சி. வெள்ளவத்தையில பெரிய வீடு, வெள்ள சோஃபா செட்டி. ஈரத் தலையோட டோரின் அதுல சாஞ்சிட்டா. எழும்பிப் பாத்தா செவப்பா ஒரு வட்டம். ஜீவராணி என்னப் பாக்கிறா. "அத்தான், வெத்தில துப்ப வெளிய பேசின் இருக்கே"ங்கிறா! நான் வெத்தில போடுறதே இல்ல! டோரின் வாயத் தொறந்து சொல்லல்ல, தலைதான் காரணம்னு. சாய ரகசியம் வெளிய போயிருமாம்! ஊருக்கே தெரியும் அது சாயம்னு, அறுவது வயசில யாருக்கு இயற்கையா மாதுளம்பழம் மாதிரி முடி வரும்? அன்னையில இருந்து ஜீவராணியோட நான் தலையாட்டுறதோட சரி.

ஆனா ஒண்டு சொல்றேன் பிள்ள. கையில சத்தியமா, என்ட வேல நல்ல வேல. ஞாயித்துக்கெழம பூசையில அவ முன்னுக்கு இருப்பா, நான் தூண் பக்கத்துல பின்னால நிப்பேன். ஜன்னல் கண்ணாடியால வெயில் வந்து அந்தத் தலையில விழும் பாரு... சரி, அத விடு. பொம்பளைகள் வந்து கேப்பாங்க, "டோரின் அக்கா எந்த சலூன்?"னு. அவ என்னத் திரும்பிப் பாத்துட்டு சிரிப்பா, "வீட்டிலதான்"னுவா. எனக்கு நெஞ்சு இப்பிடி. இன்னொரு அதிசயம் கேளு, நான் பூசின அன்னைக்கு அவ்வளவு எடுப்பா இருக்காது. அடுத்த நாள்தான் கலர் செட்டாகும். அடுத்த நாள் அவவுக்குச் செபமாலைக் கூட்டம் இருக்கும், எப்பவும் இருக்கும். போயிட்டு வருவா பாரு, தலை அப்பிடியே பட்டு மாதிரி மின்னும். சாயத்துக்கு ஒரு நாள் ஊறணும், அதுதான் விசயம். நீயும் கத்துக்கோ.

ஏன் இருமுற? தண்ணி குடி, தண்ணி குடி.

அப்ப இன்னைக்கு என்ன வந்ததுன்னா... இன்னைக்கு அஞ்சு மணிக்குக் கோயில்ல ஞானஸ்நானம். ஜீவராணிட பேரப் பிள்ளைக்கு. ஞானத்தாய் யாரு? டோரின். பிள்ளையத் தூக்கிக்கிட்டுத் தலையக் குனிஞ்சு நிக்கணும், கெமராக்காரன் நேர மேல இருந்து வகிட்டத்தான் எடுப்பான். அதனால, ஒரு நாள் ஊற நேரமில்லாட்டியும், காலையிலயே பூசுவோம்னு குந்தவச்சேன். பூசினேன். தலையச் சுத்தி பொலித்தீன் சிலிசிலி பேக் கட்டினேன். கழுவிட்டுப் பாக்கிறேன்... தம்பிலி! தம்பிலித் தேங்கா பாத்திருக்கியா, அந்தச் செம்மஞ்சக் கலர்! நுனியெல்லாம் மாதுள, வகிடு மட்டும் தம்பிலி. இருட்டுல வச்சா வெளிச்சம் அடிக்கும் போல. டோரின் கண்ணாடியப் பாத்தா. ஏசல்ல, அழல்ல. ஏசியிருந்தாக் கூட நான் தாங்குவேன். "நீங்க போய் வெள்ளவத்தையில கேக் எடுத்துட்டு வாங்க"ன்னா, அவ்வளவுதான். ஜீவராணி இன்னைக்கு என்ன சிரிப்புச் சிரிக்கப் போறான்னு நெனச்சா... பஸ் ஹோல்ட் வரைக்கும் போயிட்டேன் பிள்ள. பஸ்சும் வந்தது. கால் ஏறல்ல. திரும்பி இங்க வந்து நிக்கிறேன். ஒஸ்வால்ட் வாசல்ல! நானே வந்து!

பிழை கம்பனியிலதான். டியூப்ல என்னமோ கலப்படம். தண்ணியும் இப்ப சரியில்ல...

பிரவுணா? என்ன பிரவுண்? ஆ... அத எப்பிடி நீ கண்டுபுடிச்ச. ஓ, ஆமா, வழமையா நான் கலக்கிறதுதான், பாதி செவப்பு, பாதி பிரவுண். வெள்ள முடியில தனிச் செவப்புப் பட்டா எரியும்னு தெரியும் எனக்கு, தெரியாதுன்னு நெனைக்காத. பிரவுண் முடிஞ்சு போச்சு. வாங்கியிருக்கலாம்தான். ஆனா அந்தச் சாமான் மஷூர்ட பார்மசியில மட்டும்தான் இருக்கு. மஷூரோட நான் கதைக்கிறதில்ல. மீதிச் சல்லிக்குப் பதிலா இனிப்பு டொபி குடுப்பான் பிள்ள, ஒவ்வொரு தரமும் டொபி! சேத்து வச்சேன். ஒரு போத்தல் நெறைய. ஒரு நாள் மருந்து வாங்கிட்டு அந்த டொபிய எண்ணிக் குடுக்கிறேன், எடுக்க மாட்டேங்கிறான்! அவன் குடுத்தாச் சல்லி, நான் குடுத்தா டொபியா?

அதான் பிரவுண் இல்லாமப் பூசினேன். கொஞ்சம் கூடுதலா நேரம் விட்டுட்டேன்தான்... கிருபாகரன் சாரம் இன்னைக்கும் சொட்டிச்சு, படியில நின்டு நாலு வார்த்த கேட்டேன்.

அவனோட பேச்சில்லதான். சண்டைக்கு மட்டும் கதைப்பேன்.

சரி சரி, அப்பிடிப் பாக்காத. என்ட பிழைதான்னு வச்சுக்கோ. இப்ப என்ன பூசுறது, அதச் சொல்லு. சுருக்காச் சொல்லு, வெயில் மண்டையப் பொளக்குது. நான் ஓடிப் போய் அவ கண்ணுக்குத் தெரியாம...

ஏன் கையக் காட்டிற? யாருக்கு "இப்ப வராதீங்க"ங்கிற? எனக்குப் பின்னால யாரு...

டோரின்!

நீ என்ன இங்க? இந்த ஸ்காஃபோட? நானா? நான் சும்மா... பஸ் வரல்ல. இல்ல, வந்தது. நீ எங்க போற? செபமாலையா? இந்த நேரத்திலயா? இந்தா, எங்க போற, உள்ள போகாத, சத்தியம் டோரின், அந்தோனியார்... என்ன? "சத்தியம் பண்ணினது நீங்க, நானில்ல"யா?

பிள்ள, நீ இப்ப என்ன கேட்ட? திருப்பிச் சொல்லு. "அன்டி, வழமையான கதிரையா?" எந்த வழம? நீ புதுசு, உனக்கே வழமன்னா...

அடுத்த நாள்.

செபமாலைக் கூட்டம்.

அடியே டோரின்! பட்டு மாதிரி மின்னினது... ஒவ்வொரு தரமும்... இங்க வந்துதானா? அப்ப நான் பூசினது? என்ட கோடு கோடான வகிடு? "நீங்க பூசுற நேரந்தான் யாரோடயும் சண்ட பிடிக்காம என் பக்கத்தில இருக்கிறீங்க, அத எப்பிடி வேணாங்கிறது"ன்னா? இது ஒரு கதையா? ஐஸ் தண்ணிய ஊத்தக்குள்ள கத்தினியே, அதெல்லாம்... சிரிக்காத. எனக்குக் கோவம். சாயங்காலம் வரைக்கும் உன்னோட பேச்சில்ல. இல்ல, அஞ்சு மணிக்கு ஃபோட்டோ இருக்கு. அது வரைக்கும் பேச்சில்ல.

ஐயோ.

கால்.

பிள்ள, என்ட கால் ரெண்டும் உள்ள நிக்குதே! எப்ப வந்தது? டோரினப் புடிக்க எட்டி வச்சேன்... அந்தோனியாரே, இது நான் வச்ச கால் இல்ல, கோவம் வச்ச கால். அடுத்த செவ்வாய்க்கெழம வந்து கதைக்கிறேன் உங்களோட. பெரிய மெழுகுதிரியாவே கொண்டாறேன்.

வாடா ஒஸ்வால்ட், வா. கையக் கழுவிட்டியா. நல்லா வயசு போயிருச்சு உனக்கும். ஆமா, நான்தான், உள்ளதான் நிக்கிறேன், கண்ணாலதானே பாக்கிற. சிரிக்காம முதல்ல அவ தலையப் பாரு. பிரவுண் இருக்குதானே உன்கிட்ட? சரியாப் பாதிக்குப் பாதி கலக்கு. தண்ணி சூடா இருக்கப்படாது. காதச் சுத்தி வெசலின் வை, அவவுக்குத் தோல் எரியும். வகிட்ட நேராப் பிரி. நான் பாத்துக்கிட்டுத்தான் இருப்பேன்.

நானா? நான் எங்க குந்துற. இதுலயா... இது அதே கதிரதானே. ம்ம். ஏசி நல்லாத்தான் இருக்கு. கதவச் சாத்து பிள்ள, குளிர் எல்லாம் வீணா வெளிய போகுது.

கேக் நான் பொறகு போய் எடுக்கிறேன். அந்தத் துணி எங்கடா இப்ப? கண்ணாடி தொடைக்கிறது. அதேதான். வெயில்ல நின்டு தலையெல்லாம் வேர்வ.

இந்தா, தொட. ஊதாத! சும்மா தொட. உன்னோட நான் இன்னும் கோவம்தான்.