மாங்கனீசு உலையடியில் முப்பத்தோர் ஆண்டு

உருகும் உலோகத்தின் உள்ளம் அறிந்த உத்தமரே! அனல் முன் அயராது நின்ற அண்ணலே! எங்கள் உலைப் பிரிவின் மேஸ்திரி ஐயா, வணங்குகிறோம்!

கருங்கல்லாய் வந்த தாதுவைக் கரியோடும் சுண்ணாம்புக் கல்லோடும் சேர்த்து, மின் உலையில் உருக்கி, இரும்பு கலந்த மாங்கனீசாய் இறக்கித் தந்தவர் நீங்கள். தனித்து நின்றால் தட்டிய மாத்திரத்தில் நொறுங்கும் அந்த உலோகம், எஃகோடு கூடினால் அடிக்க அடிக்க இறுகும். இரயில் தண்டவாளம் பிரியும் இடங்களிலும், பாறை உடைக்கும் இயந்திரங்களின் தாடைகளிலும் உங்கள் உழைப்பு இருக்கிறது. உலைவாய் திறக்கும் வேளையை நிறம் பார்த்தே சொல்வீர்கள், ஒருநாளும் தவறியதில்லை.

தவறியதெல்லாம் நாங்கள்தான். உலைவாயில் எழும் பழுப்புப் புகையை இழுக்கும் விசிறி பழுதென்று நீங்கள் எழுதி எழுதிக் கொடுத்தீர்கள்; "தொணதொணப்பு ஆரம்பிச்சாச்சுப்பா" என்றோம். பதிவேட்டில் உங்கள் எழுத்து ஆண்டுக்கு ஆண்டு சிறுத்து எறும்பு வரிசையானபோது, "மேஸ்திரி மையை மிச்சம் பிடிக்கிறாரு" என்று சிரித்தோம். எந்த வேடிக்கைக்கும் முகம் அசையாததால் 'உம்மணாமூஞ்சி' என்று பெயரும் வைத்தோம். எங்கள் பாழாய்ப்போன புத்தி! அந்தப் புகைதான் நரம்பில் ஏறி எழுத்தைச் சுருக்கியது, நடையைத் தடுமாற வைத்தது, சிரிக்க விடாமல் முகத்தை இறுக்கியது என்று இரண்டு மாதம் முன்பு மருத்துவர் சொன்னார். ஓய்வு வயதுக்கு ஆறாண்டு முன்பே இந்தப் பிரிவுபசார மடலை நாங்கள் வாசிக்க நேர்ந்தது அதனால்தான்.

"வீட்ல சொல்லிடாதீங்கப்பா, பயந்துடுவா" என்றீர்கள். தலையாட்டினோம். ஆனால் நேற்று இவ்விழாவுக்கு அழைக்கப் போனபோது, உங்கள் துணைவியார் எங்களை வாசலிலேயே நிறுத்திக் கேட்டார்: "அங்கயாச்சும் சிரிச்சுப் பேசுறாரா தம்பி? என்கிட்ட சிரிச்சு நாலு வருஷம் ஆச்சு. நான் என்ன தப்பு செஞ்சேன்னே தெரியல."

சொல்லிவிட்டோம் ஐயா. வாயை மூடிக்கொண்டு நிற்க எங்களால் முடியவில்லை. "அப்போ அவருக்கு என் மேல கோவம் இல்லியா? கோவமே இல்லியா?" என்று அழுதபடி திரும்பத் திரும்பக் கேட்டார்.

புது விசிறி வரும்வரை உலைவாய் திறப்பதில்லை என்று நாங்கள் அனைவரும் எழுதிக் கொடுத்துவிட்டோம். போன உங்கள் நலத்தை நூறு விசிறி வந்தாலும் மீட்டுத் தராது. நலமுடன் வாழ்க என்று எழுதவே கை கூசுகிறது. ஆயினும் தடுமாறும் நடைக்குத் தாங்கும் கை என்றும் அருகிருக்க, நெடுநாள் நீங்கள் வாழ நெஞ்சுருகி வேண்டுகிறோம்.

உங்கள் துணைவியார் முன் வரிசையில் அமர்ந்திருக்கிறார். மடலை வாங்கியதும் மேடையிலிருந்து மெல்ல இறங்கிப் போய் அவர் பக்கத்தில் உட்காருங்கள், ஐயா. முகத்தைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். அவருக்குத் தெரியும்.

மன்னிப்பை வேண்டி,
உலைப் பிரிவுத் தொழிலாளர்கள்