மர்கிலானின் முப்பத்திரண்டு பேர்

— முதல்ல என் கையை விடுங்க, பெரியவரே.

— எண்ணிக்கையைச் சொல்லுங்க தம்பி, விட்டுடறேன்.

— எட்டு பேர். சொல்லிட்டேன். விடுங்க.

— எட்டா? மஸ்தூரா தங்கச்சி, கேட்டியா? முப்பத்திரண்டு பேரு இருக்கற நம்ம நகர வாத்தியக் குழுவுக்கு இனிமே எட்டு பேராம். ஃபெர்கானாவுலேருந்து இதைச் சொல்லவா காரு போட்டுட்டு வந்தாரு?

— மஸ்தூரா அக்கா, இவரு யாரு? கலைத் துறை அதிகாரி நானு, குழுவோட தலைவி நீங்க. நடுவுல இவரு எதுக்கு?

— நாஜிம் ஐயா, இவரு துர்சுன் அண்ணன். ஆட்டுச் சந்தைத் தரகர். நான் பேசினா சண்டையில முடியும். அதான் கூட்டிட்டு வந்தேன்.

— இது ஆட்டுச் சந்தை இல்லக்கா!

— அதத்தான் தம்பி நானும் சொல்றேன். சந்தையில ஆட்டை முழுசா விப்போம். மூணு காலை வெட்டிட்டு ஓட்டிக் காட்டுன்னு எவனும் கேக்க மாட்டான். பேரம் படியற வரைக்கும் தரகன் பிடிச்ச கையை விடறதில்ல, உங்களுக்குத் தெரியாததா? வலிச்சா சொல்லுங்க, இன்னொரு கையைக் குடுக்கலாம்.

— மேலிடத்து உத்தரவு இது. விதிமுறைப்படி...

— உத்தரவுல எண்ணிக்கை போடற இடம் காலியா இருக்கே, ஐயா. நீங்கதானே நிரப்பணும்?

— ஆமாக்கா. எட்டுன்னு நிரப்பப் போறேன்.

— எட்டு பேரு வாசிச்சா அது கச்சேரி இல்ல தம்பி, வீட்டு அழைப்பு மணி. முப்பது போடுங்க.

— பெரியவரே, உங்க ஊரு ஆம்பளைங்க பாதிப் பேரு ரஷ்யாவுல செங்கல் சுமக்கறாங்க. மண்டபத்துல நாற்காலி பாதி காலி. முப்பது பேரு யாருக்கு வாசிக்கறது?

— போனவன் கல்யாணத்துக்கு மாஸ்கோவுலயா பந்தல் போடறான்? இங்கதான வரான்! நூலகத்தை மூடினீங்க, சும்மா இருந்தோம். பொம்மலாட்டக் கொட்டகையை மூடினீங்க, பல்லைக் கடிச்சிக்கிட்டோம். இதை விடறதா இல்ல. உங்க ஃபெர்கானாவுக்கு முதல்ல வச்ச பேரு என்ன, சொல்லுங்க? ‘புது மர்கிலான்’. பேரு இல்லாம நின்ன ஊருக்கு எங்க பேரை இரவல் குடுத்தோம். நான் சொல்றது சரிதான?

— சரி, பேரு குடுத்ததுக்கு ரெண்டு கூட்டறேன். பத்து.

— அட, தம்பிக்கும் பேரம் வருதே! இருபத்தெட்டு.

— பன்னிரண்டு. கர்னாய் ஊத ஒரு ஆள் போதும்.

— ஒரு ஆளா? அந்தக் குழலு ஆளை விட நீளம், தம்பி. ஒருத்தன் மூச்சு வாங்கறப்ப அடுத்தவன் ஊதணும். ஒத்தை ஆளை வச்சா, அவன் மூச்சு திரும்பி வர வரைக்கும் மாப்பிள்ளை வாசல்லயே நிக்கணும்.

— சரி, ஒண்ணு செய்யலாம். அக்கா, முப்பத்திரண்டு பேரையும் இப்பவே வரச் சொல்லுங்க. வாசிக்கட்டும். கேட்டுட்டு எழுதறேன்.

— இப்பவா? இன்னிக்கு வேண்டாமே, ஐயா.

— ஏன்?

— ஏன்னு நான் சொல்றேன் தம்பி. மர்கிலான்ல பட்டு வாங்க வந்தவன் எவனாவது ‘புழுவைக் கூட்டிட்டு வா, எண்ணணும்’னு கேட்டிருக்கானா? எங்க ஊர்ப் பொண்ணு வாய்ச்சொல்லு போதாதா உங்களுக்கு? தங்கச்சி, எழுந்திரு. டீயை அப்படியே வை. போகலாம்.

— பெரியவரே, உக்காருங்க! என் கையைப் பிடிச்சிக்கிட்டே எழுந்தா நானும் வாசல் வரைக்கும் வரணுமா? பதினஞ்சு.

— இருபத்திநாலு.

— பதினேழு. இதுக்கே மேலிடத்துல என் தோலை உரிச்சிடுவாங்க.

— உரிக்கட்டும், நல்ல விலைக்கு நான் வித்துத் தரேன். இருபத்திரண்டு.

— பத்தொன்பது! இதுக்கு மேல ஒரு ஆளு கேட்டாலும் திரும்ப எட்டுதான்.

— என்ன சொல்ற, தங்கச்சி?

— முடிச்சிடுங்க, அண்ணே.

— அவசரப்படாத. கை வேர்க்குது இவருக்கு. இன்னும் ரெண்டு ஏத்தலாம்.

— போதும் அண்ணே. பத்தொன்பது.

— உன் இஷ்டம். பேரம் படிஞ்சுது, பரக்கத் உண்டாகட்டும், தம்பி!

— அப்பா, கை வந்துடுச்சு. இந்தாங்கக்கா, எழுதியாச்சு: நிரந்தர இடம் பத்தொன்பது. கையெழுத்து, முத்திரை. ஆள்குறைப்பு முடிஞ்சுதில்ல, அதனால புது நியமனத்துக்கு இருந்த தடையும் இன்னியோட நீங்குது. வரேன்.

— புலாவ் ஆயிடுச்சு, சாப்பிட்டுட்டுப் போங்க ஐயா.

— வேண்டாம்க்கா. சாப்பிட உக்காந்தா இவரு இருபது ஆக்கிடுவாரு.

— பாத்துப் போங்க, தம்பி! ... போயிட்டான். தங்கச்சி, என் மூஞ்சியைப் பாக்காத. நாப்பது வருஷத் தரகுல இப்படி நான் இறங்கினதே இல்ல. பதிமூணு பேரை விட்டுக் குடுத்துட்டேன். யாரு யாருன்னு பேரைச் சொல்லு, வீடு வீடாப் போயி நானே மன்னிப்புக் கேக்கறேன்.

— யார் வீட்டுக்கும் போக வேண்டாம், அண்ணே.

— ஏன், அவ்வளவு கோவமா என் மேல?

— நவ்ரூஸ் பண்டிகை அன்னிக்கு நம்ம குழு வாசிச்சது எப்படி இருந்துச்சு?

— அதுக்கென்ன கேள்வி! சந்தை வரைக்கும் அதிர்ந்துச்சு. என் ஆடெல்லாம் மிரண்டு வேலி தாண்டிடுச்சு. முப்பத்திரண்டு பேரு வாசிச்சா சும்மாவா?

— வாசிச்சது ஒன்பது பேரு, அண்ணே. நம்மகிட்ட இருக்கறதே அவ்வளவுதான், மிச்ச இடமெல்லாம் ரொம்ப நாளாக் காலி. நாளைக்குப் பத்து பேரைப் புதுசாச் சேக்கணும்.